நிலைபேறென்னுஞ் சொல்லும் பிரெஞ்சு நாட்டு இடுகாட்டு விதிகளும்

இறந்தாரை எங்கே இடுவது, எவ்வாறு இடுவது, எத்துணைக் காலம் அவ்விடத்தை அவர்க்கென விட்டுவைப்பது என்னும் மூன்று வினாக்களும் நாகரிகமுடைய மக்கட்கூட்டம் யாண்டும் எதிர்ப்பட்டவையாம். முதலிரண்டிற்கும் விடை கூறிய நூல்கள் பல. மூன்றாவதற்கு வெளிப்பட விடை கூறப் புகுந்த சட்டங்களோ சிலவே. அச்சிலவற்றுள் ஆராய்ச்சிக்குப் பெரிதும் உரியது, பிரெஞ்சு நாட்டில் 1804-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் நாள் வெளிவந்த இடுகாட்டாணை. அந்நாட்டில் அப்பொழுது வழங்கிய புரட்சிக் காலக் கணக்கின்படி அந்நாள் 12-ஆம் ஆண்டு பிரேரியால் மாதம் 23-ஆம் நாளாதலின், அறிஞர் இன்றும் அப்பெயரானே அதனைக் குறிப்பர்.

இவ்வாணையைச் சட்டம் பயில்வார் நோக்கும் நோக்கு ஒன்று. நூலாராய்வார் நோக்கும் நோக்கு மற்றொன்று. சூத்திரங்கள் கிடந்த முறையையும், சொற்கள் நின்ற நிலையையும், சொல்லாது விட்ட இடங்களையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, இதனுள் இரு கருத்துக்கள் ஒன்றோடொன்று பொருதுநிற்றல் புலனாகும். இறந்தார் எல்லார்க்கும் இடத்தை ஒப்ப அளித்தல் ஒன்று. காலத்தைப் பொருளுடையார்க்கு விற்றல் மற்றொன்று. இவ்விரண்டும் இருநூறாண்டுகளாக எவ்வாறு இயைந்தும் முரணியும் வந்தன என்பதும், காலத்தை விலைக்குக் கொண்டார் பெற்றது யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

சொற்பொருள்

ஆராய்ச்சிக்கு முன் சொல்வரையறை இன்றியமையாதது. இடுகாடென்பது உடலைக் குழியிலிட்டுப் புதைக்குமிடம். கல்லறையென்பது அக்குழியின்மேலோ அதனைச் சூழவோ கல்லாலமைப்பது. அக்கல்லறை சுவரும் கூரையும் வாயிலும் உடையதாய் மனைபோல உயர்ந்து நிற்பின் அது மாடக்கல்லறை எனப்படும். மாடக்கல்லறையை ஐரோப்பியர் வழங்கும் பெயர் ஓர் அரசன் பெயரினின்று பிறந்தது. சிறிய ஆசியாவிலுள்ள காரியா நாட்டை ஆண்ட மௌசோலன் என்பான் கி.மு. 353-இல் இறந்தான். அவன்பொருட்டு ஹாலிகர்னாசு நகரில் எழுந்த பெருங்கல்லறை பழைய உலகத்தின் ஏழு வியப்புக்களுள் ஒன்றென எண்ணப்பட்டது. அவன் பெயரே பின்னர் அவ்வகைக் கட்டடங்கட்கெல்லாம் பொதுப்பெயராயிற்று. ஒருவன் பெயர் நிலைத்தற்கு எழுந்த மாடம், இறுதியில் அவனை மறப்பித்துப் பொதுப்பெயராய் நின்றமை கருதத்தக்கது.

இம்மாடத்தைத் தமிழர் பள்ளிப்படையோடு ஒன்றெனக் கொள்ளற்க. பள்ளிப்படை இறந்த அரசர்க்கு எடுக்கப்பட்டு, இலிங்கம் நிறுவி வழிபாடு நிகழ்தற்குரிய கோயில். ஈண்டு ஆராயப்படும் மாடமோ வழிபாட்டிற்கன்றிக் குடும்பத்தின் நினைவிற்கும் உரிமைக்குமென எழுந்தது. இரண்டும் இருவேறு பொருளென்க.

பழஞ்சட்டங்கள்

பெருங்கல்லறைகட்கு வரம்பு கட்டும் முயற்சி மிகப் பழையது. ஆதென்சு நகரைக் கி.மு. 317 முதல் 307 வரை ஆண்ட தெமெத்திரியன் என்பான், கல்லறைச் செருக்கு மிகுதலைக் கண்டு, புதைகுழியின்மேல் மூன்று முழத்தின் மேற்படாத சிறு தூணோ, மேசை போன்ற கல்லோ, கற்றொட்டியோ அன்றிப் பிறிதொன்றும் வைத்தலாகாது என விதித்தான். இதனை உரோம நாட்டுச் சிசரோ சட்டங்களைப் பற்றித் தாமியற்றிய நூலில் எடுத்துரைக்கின்றார். உரோமர்தம் பழஞ்சட்டமாகிய பன்னிரு பலகைகளும் கி.மு. 450-ஐ ஒட்டி எழுந்தவை. அவற்றுட் பத்தாம் பலகை, நகரெல்லைக்குள் பிணத்தைப் புதைத்தலையும் எரித்தலையும் ஒருங்கே விலக்கியது. ஈமச் செலவிற்கும் வரம்பு வகுத்தது. உரோம நகரினின்று புறப்படும் பெருவழிகளின் இருமருங்கும் கல்லறைகள் நிரல்பட நிற்றற்கு இவ்விலக்கே காரணம்.

இவ்விலக்கு பின்னர் எவ்வாறு நெகிழ்ந்தது எனின், கிறித்தவ சமயம் பரவியபின் என்க. அச்சமயத்திற்காக உயிர்நீத்த அடியார்களின் எலும்புகள் வைக்கப்பட்ட இடங்களில் கோயில்கள் எழுந்தன. அவ்வடியார்களின் அருகே தம்முடலும் கிடத்தல் வேண்டுமென்னும் ஆசை மக்களுக்கு உண்டாயிற்று. நகர்ப்புறத்துக் கோயில்களைச் சூழக் குடியிருப்பு வளர்ந்தது. நகருள்ளும் அடியார் எலும்புகள் கொணரப்பட்டன. இவ்வாறு, சட்டம் வெளியே நிறுத்திய பிணம் பற்றுக் காரணமாக ஊருள்ளே புகுந்தது. செல்வரும் குருமாரும் கோயிலினுட்டளத்தின் கீழும், ஏனையோர் கோயிலை அடுத்த நிலத்தும் புதைக்கப்பட்டனர். ஆயிரத்தின் மேற்பட்ட யாண்டுகள் இவ்வழக்கே நின்றது.

பாரிஸ் நகரத்துப் பழைய இடுகாடு

இவ்வழக்கின் முடிவைக் காட்டுதற்குப் பாரிஸ் நகரின் நடுவே, பெருஞ்சந்தையை அடுத்துக் கிடந்த 'மாசற்ற மகார்' இடுகாடு ஒன்றே போதியது. ஏரோது மன்னன் கொல்வித்த குழவிகளின் பெயரால் அமைந்த கோயிலைச் சார்ந்தமையின் அது அப்பெயர் பெற்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிலிப்பு அகஸ்து மன்னன் அதனைச் சூழ மதிலெடுப்பித்தான். நகரின் பல திருச்சபை வட்டங்களின் பிணங்கள் அச்சிறு நிலத்திற்கே வந்தன. ஏழையர்க்குத் தனிக்குழி இல்லை. ஆழ்ந்தகன்ற பொதுக்குழியொன்று அகழ்ந்து, ஆயிரத்தின் மேற்பட்ட உடல்கள் நிரம்புங்காறும் அதனைத் திறந்தே வைப்பர்; நிரம்பியபின் மூடி, அடுத்ததனை அகழ்வர். பழங்குழிகளினின்று எடுத்த எலும்புகளை மதிலோரத்து மண்டபங்களின் மேற்றளத்தில் அடுக்குவர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நிலை பொறுத்தற்கரியதாயிற்று. 1765-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் பாரிஸ் நீதிமன்றம், நகருள்ளிருக்கும் இடுகாடுகளை மூடிப் புறநகரிற் புதியன அமைக்குமாறு தீர்ப்பளித்தது. குருமாரும் பிறரும் எதிர்த்தமையின் அத்தீர்ப்பு ஏட்டளவில் நின்றது. 1776-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10-ஆம் நாள் அரசர் விடுத்த அறிக்கை கோயிலினுள்ளே புதைத்தலை விலக்கியது. ஆயினும் ஆயர், குரு, கோயிற்புரவலர் முதலிய சிலர்க்கு விலக்கினின்றும் விலக்களித்தது. விதி பொதுவாயினும் உயர்ந்தோர்க்கு வாயில் திறந்தே இருந்ததென்பது இதனாற் பெறப்படும்.

நூல்களும் தீர்ப்புக்களும் செய்யமாட்டாததை 1780-ஆம் ஆண்டில் ஒரு சுவர் செய்தது. அவ்விடுகாட்டை அடுத்த தெருவிலிருந்த வீடொன்றன் நிலவறைச் சுவர், பிணக்குழியின் பொறையைத் தாங்காது உடைந்தது. நச்சுக்காற்றும் பிணத்தின் கூறுகளும் நிலவறையுட் புகுந்தன. அவ்வாண்டிலேயே இடுகாடு மூடப்பட்டது. 1785-இன் இறுதி முதலாக அங்கிருந்த எலும்புகள் இரவுதோறும் வண்டிகளில் ஏற்றப்பட்டு, நகரின் தென்பாலிருந்த பழைய கற்சுரங்கங்கட்குக் கொண்டுபோகப்பட்டன. 1786-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 7-ஆம் நாள் அச்சுரங்கங்கள் சமயச் சடங்குடன் புனிதப்படுத்தப்பட்டன. அறுநூறாண்டுகளாகத் தனித்தனிப் பெயருடன் இடப்பட்ட சிலரும், பெயரின்றி இடப்பட்ட பலரும் அங்கே வேறுபாடின்றி ஒன்றாயினர்.

விதியும் மக்கள் மனமும்

ஈண்டு ஐயமொன்று எழும். உடல்நலங் கருதி அரசு விதிப்பின் மக்கள் அதனை ஏலாரோ எனின், விதி மக்கள் மனத்தைப் புறக்கணிப்பின் ஏலார் என்பதற்கு அண்டை நாட்டில் நிகழ்ந்ததே சான்று. ஆஸ்திரிய நாட்டுப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு 1784-இல் விடுத்த ஆணை, பிணத்தைப் பெட்டியின்றித் துணிப்பையிலிட்டுக் குழியிலிறக்கிச் சுண்ணாம்பு தூவி மூடல் வேண்டும் என்றது. கொண்டுபோதற்குரிய பெட்டியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துக என்றது. மண்ணும் மரமும் வீணாகா என்பது அரசர் கருத்து. மக்களோ, தந்தையையும் தாயையும் சாக்கிலிட்டு எறிதலோ எனக் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே அரசர் அப்பகுதியைத் திரும்பப்பெற்றார்.

பிரெஞ்சு நாட்டிற் புரட்சியெழுந்தபின் நிகழ்ந்தது இதனினும் மிக்கது. இடுகாடுகள் திருச்சபையின் உடைமையினின்று நாட்டின் உடைமையாயின. 1793-இல் நெவேர் நகரிற் பூஷே என்னும் அதிகாரி, இடுகாட்டிலுள்ள சமயச் சின்னங்களை அகற்றி, சாவு முடிவற்ற உறக்கமே என்னும் பொருள்பட அதன் வாயிலில் எழுதுமாறு ஆணையிட்டார். உடம்பு அழிந்தவழி உயிரும் அழியும் என்பார் கொள்கையை அரசின் ஆணையாக இடுகாட்டு வாயிலிற் பொறித்தமை ஈண்டு நோக்கற்பாலது. உயிர் உடம்பின் வேறாய் நிலைபெறுவதென்னும் கொள்கையுடையாரெல்லாம் அவ்வாயிலைக் கடந்தே தம்மினத்தாரை எடுத்துச் செல்லல் வேண்டியதாயிற்று. அக்காலத்திற் பாரிஸில் ஈமவூர்வலம் சடங்கின்றியும் சுற்றத்தாரின்றியும் நிகழ்ந்தமையைக் கண்ட அறிஞர் பலர் வருந்தியெழுதினர். 1800-இல் உள்நாட்டமைச்சரின் விருப்பப்படி நாட்டுக்கழகம் ஒரு பரிசுப் போட்டி அறிவித்தது. ஈமத்திற்குரிய சடங்குகள் யாவை, புதைக்குமிடத்திற்கு விதிகள் யாவை என்பன அதன் வினாக்கள். ஏறக்குறைய 40 கட்டுரைகள் வந்தன. அமோரி துவால் என்பாரும் முலோ என்னும் குருவும் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். இறந்தார்க்குச் செய்யும் மதிப்பு வாழ்வாரின் ஒழுக்கத்திற்கு அடிப்படை என்னும் கருத்து இவ்வாறு மீண்டும் தலையெடுத்தது.

1804-ஆம் ஆண்டின் ஆணை

இவ்விரு படிப்பினைகளையும் உட்கொண்டு எழுந்ததே பிரேரியால் ஆணை. இதன் முதல் விதி கோயில், தொழுகைக்கூடம், மருத்துவமனை முதலியவற்றுள்ளும் நகர மதிலினுள்ளும் புதைத்தலை முற்றும் விலக்கியது. பன்னிரு பலகைகளின் விலக்கு ஈராயிரத்திருநூறு ஆண்டுகட்குப்பின் மீண்டும் உயிர்பெற்றதெனலாம். இரண்டாவது, இடுகாடு ஊரெல்லையினின்று 35 முதல் 40 மீட்டராயினும் அப்பாலிருத்தல் வேண்டும் என்றது. மூன்றாவது, உயர்ந்ததும் வடகாற்று வீசுவதுமாகிய நிலத்தைத் தேர்ந்து, 2 மீட்டருக்குக் குறையாத மதிலால் வளைத்து, காற்றோட்டந் தடைப்படாவாறு மரம் நடுக என்றது.

நான்காம் விதியே இவ்வாணையின் உயிர்நிலை. ஒவ்வோருடலும் தனிக்குழியில் இடப்படல் வேண்டும். குழி ஒன்றரை முதல் 2 மீட்டர் ஆழமும் 80 சென்டிமீட்டர் அகலமும் உடையதாதல் வேண்டும். இட்டபின் மண்ணை நன்கு மிதித்து நிரப்பல் வேண்டும். ஐந்தாம் விதி குழிக்கும் குழிக்கும் இடையே பக்கங்களில் 30 முதல் 40 சென்டிமீட்டரும், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் 30 முதல் 50 சென்டிமீட்டரும் இடைவெளி வகுத்தது. அளவுகள் சிறியனவாயினும் அவற்றின் பயன் பெரிது. ஆயிரவரைக் குவித்த பொதுக்குழியைக் கண்ட நாட்டில், பிச்சைபுகுவானுக்கும் ஒரு குழி, அதனைச் சூழ ஒரு சாண் நிலம் என அரசு வரைந்தளித்தது. எழுதியவாறே யாண்டும் உடனே நிகழ்ந்ததென்று கொள்ளற்க. பாரிஸில் ஏழையரின் பெட்டிகளை நீண்ட அகழிகளில் நெருங்க அடுக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஒழிந்திலது. ஆயினும் அது வழக்கின் பிழையன்றி விதியின் பிழையன்று.

ஆறாம் விதியிற் காலம் நுழைகின்றது. புதிய உடலை இடுதற்பொருட்டு ஒரு குழியை ஐந்தாண்டுகட்கு ஒருமுறையே திறக்கலாம். ஆகவே ஆண்டுதோறும் இறப்பாரென மதிக்கப்படுவார்க்கு வேண்டும் நிலத்தினும் ஐந்து மடங்கு நிலம் இடுகாட்டிற்கு ஒதுக்கப்படல் வேண்டும். ஓரூரில் ஆண்டிற்கு 100 பேர் இறப்பின் 500 குழிகட்கு இடம் வேண்டும். ஆறாம் ஆண்டில் முதலாண்டின் குழிகள் மீண்டும் தொழிற்படும். இஃது உடல் மண்ணாதற்கு வேண்டுங் காலத்தைக் கொண்டு வகுத்த கணக்கு. இதன்படி, பொருளில்லாதான் ஒருவனுக்கு மண்ணிலுள்ள உரிமை ஐந்தாண்டு என்பது முடிந்தது.

பொருளுடையார்க்கு யாதெனின், அதனைப் பத்தாம் பதினோராம் விதிகள் கூறும். இடம் போதிய அளவினதாயின், தமக்கும் தம் முன்னோர்க்கும் வழித்தோன்றல்கட்கும் தனியிடம் விரும்புவார்க்கு நிலம் வழங்கலாம்; அவர் அதில் நிலவறையோ நினைவுச்சின்னமோ கல்லறையோ எடுக்கலாம் என்பது பத்தாவது. அவ்வாறு பெறுவார், ஊருக்குச் செலுத்தும் தொகையேயன்றி, ஏழையர்க்கும் மருத்துவமனைகட்கும் கொடை வழங்குவாராதல் வேண்டும் என்பது பதினொன்றாவது. மாடக்கல்லறை எடுப்பான் முதலில் ஏழையின் பசியை நினைத்தல் வேண்டும் என வைத்த இம்முறை அழகிதே. ஆயினும் ஒன்று நோக்குக. 'வழித்தோன்றல்' என்றதன்றி, எத்துணைக் காலத்திற்கு இவ்வுரிமை என்பதைப் பத்தாம் விதி சொல்லிற்றிலது. என்றும் நிற்குமென்னும் சொல் மூலத்தில் இல்லை; படித்தார் உள்ளத்தில் இருந்தது.

இவ்விரண்டையும் அடுத்து நிற்கும் பன்னிரண்டாம் விதி, எவருடைய ஒப்புதலும் பெறாமலே, உறவினர் நண்பர் குழியின்மேல் கல்லோ வேறோரடையாளமோ வைத்தற்கு ஒவ்வொருவர்க்கும் உரிமையுண்டு என்றது. இது முன்னிரண்டனைத் தொடர்ந்து வைக்கப்பட்டது எற்றுக்கெனின், நிலம் வாங்கமாட்டாதானும் தன்னன்பைக் காட்டும் அடையாளத்தை இழத்தலாகாது என்றற்கென்க. ஐந்தாண்டிற்குரிய குழியாயினும் அவ்வைந்தாண்டும் அதன்மேற் பெயர் நிற்கலாம். யோசேப்பு மன்னர் ஆணை வீழ்ந்ததற்கும் இவ்வாணை நின்றதற்கும் உரிய வேறுபாடு இச்சிறு விதியிற் பெரிதும் அடங்கியுள்ளது. அது துயரத்தைச் சட்டத்தின் பகையாக்காது, அதற்கு ஓர் இடங்கொடுத்தது.

சமய வேற்றுமையையும் ஆணை மறந்திலது. பதினைந்தாம் விதி ஒவ்வொரு சமயத்தார்க்கும் தனியிடுகாடோ, ஒரே இடுகாடாயின் சுவராலோ வேலியாலோ அகழியாலோ பிரித்த தனிப்பகுதியோ வேண்டும் என்றது. பத்தொன்பதாவது, குரு ஒருவர் யாது காரணம்பற்றியேனும் ஈமச்சடங்கு செய்ய மறுப்பின், அரசதிகாரி அச்சமயத்தைச் சேர்ந்த வேறொரு குருவை ஏவுக என்றும், எவ்வாற்றானும் உடலை எடுத்துச்சென்று அடக்கஞ் செய்வித்தல் அவ்வதிகாரியின் கடமை என்றும் விதித்தது. சமயத்தார் மறுப்பினும் மண் மறுத்தலாகாது என்பது இதன் கருத்து.

பேர் லாஷேஸ் இடுகாடும் மாடங்களும்

ஆணை வெளிவருமுன்னரே, செய்ன் மாநில அதிகாரியாகிய பிரோஷோ பாரிஸின் கிழக்கே மேட்டுநிலமொன்றை வாங்கி, பிரோஞ்ஞார் என்னும் சிற்பியைக்கொண்டு இடுகாடமைப்பித்தார். முன்னர் அங்கு வதிந்த குரு ஒருவர் பெயரால் அது பேர் லாஷேஸ் எனப்பட்டது. 1804-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் அது திறக்கப்பட்டது. அதில் முதற்கண் இடப்பட்டது ஐந்தாண்டுப் பெண்மகவின் உடல் என்ப.

நகருக்கு அப்பாலுள்ளதென மக்கள் முதலில் அதனை விரும்பிற்றிலர். 1817-இல் அபெலார், எலுவாசு என்னும் இருவரின் எச்சங்களும், நாடகப்புலவர் மொலியேர், கதைப்புலவர் லா போந்தேன் என்பாருடையனவாகக் கொள்ளப்பட்ட எச்சங்களும் அங்குக் கொணரப்பட்டன. பழங்காலத்தார் அடியாரின் அருகே கிடக்க விரும்பியவாறே, புதுக்காலத்தார் புகழுடையாரின் அருகே கிடக்க விரும்பினர். தொடக்கத்தில் 17 ஹெக்டேராயிருந்த நிலம் படிப்படியே விரிந்து ஏறக்குறைய 44 ஹெக்டேராயிற்று. தெருக்களைப்போல வகுத்த வழிகளின் இருமருங்கும், ஒருவர் நுழையுமளவான வாயிலுடைய சிறுகோயில்போன்ற மாடக்கல்லறைகள் நெருங்கியெழுந்தன. அவற்றின் நெற்றியிற் குடும்பப் பெயர் பொறிக்கப்பட்டது. அதனோடு 'நிலைபேற்றுரிமை' என்னும் தொடரும் பலவற்றிற் பொறிக்கப்பட்டது. மூலவிதியில் இல்லாத சொல் இவ்வாறு கல்லிலேறியது.

நிலைபேறென்னுஞ் சொல்

1843-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 6-ஆம் நாள் வந்த அரசாணை இச்சொல்லைச் சட்டமாக்கியது. இடுகாட்டுநில உரிமை மூவகைப்படும் எனவும், அவை நிலைபேற்றுரிமை, முப்பதாண்டுரிமை, பதினைந்தாண்டின் மேற்படாத தற்காலவுரிமை என்பன எனவும் அது வகுத்தது. பெறும் விலையில் மூன்றிலிரண்டு கூறு ஊருக்கும், ஒரு கூறு ஏழையர்க்கும் அறநிலையங்கட்கும் உரியவாயின. 1804-இல் இன்னதென வரையாத கொடை இங்கே மூன்றிலொன்றென வரையறைப்பட்டது. அவ்வரசாணையே, கல்லறையிற் பொறிக்கும் எழுத்துக்களை முன்னரே ஊர்த்தலைவர்க்குக் காட்டி ஒப்புதல் பெறல் வேண்டும் எனவும் கூறிற்று. ஆகவே, கல் வைத்தற்கு ஒப்புதல் வேண்டா. சொல் பொறித்தற்கு வேண்டும். கல்லினும் சொல் வலிதென்பதைச் சட்டமியற்றுவார் உணர்ந்தனர் போலும்!

பின்னெழுந்த சட்டங்கள் ஒப்புரவை நோக்கி மேலும் நடந்தன. 1881-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ஆம் நாள் பதினைந்தாம் விதி நீக்கப்பட்டது. சமயங்களைப் பிரித்த வேலிகள் சட்டத்தினின்று மறைந்தன. 1884-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், இறந்தாரின் சமயம்பற்றியோ இறந்த வகைபற்றியோ புதைத்தலில் வேற்றுமை காட்டலாகாது என்றது. தற்கொலை செய்துகொண்டாரையும் மூலையில் ஒதுக்கும் பழவழக்கு அதனாற் சட்டத்தில் இடமிழந்தது. 1887-ஆம் ஆண்டின் சட்டம், தன் ஈமம் சமயச் சடங்குடன் நிகழ்வதோ இன்றி நிகழ்வதோ, புதைத்தலோ எரித்தலோ என்பதை ஒருவன் தானே முடிவு செய்தற்கு உரிமை தந்தது. இடத்தை ஒப்ப அளித்தல் என்னும் முதற்கருத்து இவ்வாறு வளர்ந்து முற்றியது.

காலத்தை விற்றல் என்னும் இரண்டாங் கருத்து யாதாயிற்று? நிலைபேற்றுரிமை பெற்ற குடும்பங்கள் பல, இரண்டு மூன்று தலைமுறையில் வழியற்றன. சில வேற்றூர் சென்று மறந்தன. மாடங்களின் கூரை வீழ்ந்தது, வாயிற்கதவு துருவேறியது. விற்ற நிலத்தை மீளவும் பெறுதற்கு ஊராட்சிக்கு வழியில்லை. புதிதாக இறப்பார்க்கு இடமும் இல்லை. உயிருள்ளார் இடுகாட்டைப் பெருக்கிக்கொண்டே செல்லுதல் வேண்டும். அல்லது சொல்லை நெகிழ்த்தல் வேண்டும். 1924-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ஆம் நாட் சட்டம் சொல்லை நெகிழ்த்தது. உரிமை வழங்கி 30 ஆண்டு கழிந்து, இறுதிப் பத்தாண்டில் எவரும் அங்கு இடப்படாது, கல்லறை கைவிடப்பட்ட நிலையிலிருப்பின், ஊர்த்தலைவர் அதனை அறிக்கையிற் குறித்து வெளியிடுக. மூன்றாண்டு கழித்தும் பேணுவாரின்றேல் நிலத்தை மீட்டுக்கொள்க என அது கூறிற்று. 2022-இல் அம்மூன்றாண்டு ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. இக்காலத்துப் பிரெஞ்சு இடுகாடுகளில் பழைய மாடங்களின்மேல், உரியவர் உளராயின் அலுவலகத்திற்கு வருக என்னும் அறிவிப்புச் சீட்டைக் காணலாம். 'நிலைபேறு' என்னும் கற்பொறிப்பின்மேல் அச்சீட்டு ஒட்டப்படும்போது, கல்லின் சொல்லைத் தாளின் சொல் வெல்கின்றது.

ஈண்டு ஒருசாரார் மறுப்பர். விலைகொண்டு என்றைக்குமெனக் கொடுத்ததைப் பின்னர்ச் சட்டத்தால் மீட்டல் வாக்குப் பிழைத்தலன்றோ என்பர். அம்மறுப்பு எளிதிற் றள்ளத்தக்கதன்று. ஆயினும் சட்டம் மீட்கச் சொல்லியது பேணப்படும் கல்லறையையன்று, கைவிடப்பட்டதனையே. வாங்கினார் வாங்கியது நிலம். அவர் எதிர்நோக்கியது நினைவு. நினைவை ஊராட்சி விற்றிலது, விற்றற்கு அஃது அதன்பால் இருந்ததுமன்று. பேணுவார் உள்ளகாறும் கல்லறை நிற்கும். பேணுவார் ஒழிந்தவழி வெறுங்கல்லே நிற்கும். ஆகவே சட்டம் நெகிழ்த்தது நிலத்தின் உரிமையையே. நினைவு அதற்கு முன்னரே ஒழிந்திருந்தது.

விலையின்றி நிலைபேறு பெற்றார் இருவகையினர் உளர். நாட்டிற்காகப் போரில் உயிர்நீத்த வீரர் ஒரு வகையினர். 1915-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ஆம் நாட் சட்டம் அரசின் செலவிலேயே அவர்க்கு நிலைபேறான கல்லறை அளித்தது. மற்றொரு வகையினரே பெரும்பாலார். காலங்கடந்த குழிகளினின்றும் மீட்கப்பட்ட மாடங்களினின்றும் எடுத்த எலும்புகளை இடுதற்கு, ஒவ்வோரிடுகாட்டிலும் ஓர் எலும்பறையை ஊர்த்தலைவர் என்றைக்குமென ஒதுக்குதல் வேண்டும் என்பது இன்றுள்ள பிரெஞ்சுச் சட்டம். ஐந்தாண்டிற்குமேல் நிலமில்லாத ஏழையும், நிலைபேறென நெற்றியிற் பொறித்த மாடத்திற்குரியானும் அவ்வறையில் ஒருங்கே தங்குவர்.

முடிபு

1804-ஆம் ஆண்டின் ஆணையிற் பல பகுதிகள் இன்றும் ஏறக்குறைய அச்சொற்களோடே நடைபெறுகின்றன. தனிக்குழி, அதன் அளவு, இடைவெளி, ஐந்தாண்டு, ஒப்புதலின்றிக் கல்வைக்கும் உரிமை ஆகிய இவை சட்டத்தொகையில் அழியாது நிற்பன. அழிந்தது யாதெனின், செல்வர் விலைகொடுத்துப் பெற்றதாகக் கருதிய முடிவற்ற காலமே. எல்லார்க்கும் பொதுவாக வகுத்த சிறிய விதி நிலைத்தது; சிலர்க்கே உரித்தாக வகுத்த பெரிய சொல் நிலைத்திலது.

இடுகாடு இறந்தார்க்கென அமைந்ததாயினும், அதன் விதிகள் வாழ்வார்க்கே எழுதப்பட்டவை. ஒருவன் உடம்பிற்கு மண் தரவேண்டிய கடன் ஊருக்குண்டு. அதனைச் சமயமோ செல்வமோ இறந்த வகையோ நோக்கி மறுத்தலாகாது. அவன்மேல் அன்புடையார் ஓர் அடையாளம் வைத்தற்கு இடந்தரவேண்டிய கடனும் ஊருக்குண்டு. இவ்விரண்டிற்கும் மேலாக, அவ்வடையாளத்தை என்றும் நிறுத்துவேமென உறுதிகூறும் ஆற்றல் ஊருக்கில்லை, அரசுக்கும் இல்லை. யாக்கையும் அதன்மேல் எழுந்த கல்லும் நிலையாமையுடையன என்பது மெய்ந்நூல் கற்றார்க்குப் புதிதன்று. அதனை ஒரு நாட்டின் சட்டமே இருநூறாண்டுப் பயிற்சியாற் கற்றுக்கொண்டதென்பதே இவ்வரலாற்றாற் பெறப்படுவதென்க.